வெள்ளை, இளஞ்சிவப்புப் பழம் தரும் ரோவன் மரம்: சிறிய தோட்டத்துக்கு எது பொருந்தும்?

வேலியோரம்:

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் பின்புறத் தோட்டத்தில் ரோவன் மரம் ஒன்று (ஆப்பிளுக்கு உறவான, சிறு பழங்களைக் கொத்தாகத் தரும் குளிர்நாட்டு மரம்) நட விரும்புகிறேன். இடம் பெரிதில்லை. அகலம் ஆறு மீட்டர், நீளம் பன்னிரண்டு மீட்டர் இருக்கும். மண் களிப்பானது. நல்ல மழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் ஈரம் நிற்கும், ஆனால் குளமாகத் தேங்காது. குளிர்காலத்தில் உறைபனி உண்டு; கோடை மிதமானதுதான்.

எங்கும் காண்பது ஆரஞ்சுச் சிவப்புப் பழம் காய்க்கும் சாதாரண ரோவன். அழகுதான், ஆனால் இலை உதிரும் முன்பே பறவைகள் அத்தனையையும் தின்று தீர்த்துவிடுகின்றன. எனக்கு வேண்டியது குளிர்காலத்திலும் கிளையில் பழம் தொங்கும் மரம். வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் நிறங்களில் பழம் தரும் வகைகள் உண்டு என்று படித்தேன். நர்சரியில் கேட்டால் அட்டையில் இருப்பதைத்தான் படித்துக் காட்டுகிறார்கள். படத்தில் எல்லாமே அழகாக இருக்கின்றன.

எந்த வகை இந்த இடத்துக்கு அடங்கும்? தனியாக ஒரே மரம் நட்டால் காய்க்குமா? வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கிறார்கள், பழத்தைத் தின்றால் ஆபத்து உண்டா? சுவருக்கு எவ்வளவு தள்ளி நட வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழங்கொத்து:

தம்பி, நான் நர்சரியில் ஒட்டுக்கட்டும் வேலையில் இருந்தவள். ஓய்வுபெற்ற பிறகும் என் தோட்டத்தில் பாதி ரோவன்தான். ஆகவே பதில் நீளும், பொறுத்துப் படியுங்கள்.

பழத்தின் நிறத்தைப் பார்த்து மரம் தேர்ந்தெடுப்பவர்களே அநேகம். மண் முதலில், மரத்தின் உருவம் அடுத்து, நிறம் கடைசியில் என்பது என் கருத்து. நிறம் என்று வரும்போதும் பழத்தை மட்டும் பார்க்காதீர்கள். இலை எப்போது உதிர்கிறது, உதிரும் முன் என்ன நிறமாகிறது, பழத்துக்குப் பின்னால் வானம் தெரியுமா சுவர் தெரியுமா, இவை அத்தனையும் சேர்ந்துதான் அந்த மரம் எப்படித் தோன்றும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

உங்கள் மண்ணில் களி இருப்பது பெரிய குறை இல்லை. ரோவன் வெறுப்பவை இரண்டு: வேர் நீரில் ஊறிக்கிடப்பது, சுண்ணாம்பு மிகுந்த ஆழமற்ற மண். சற்றே அமிலத்தன்மை உள்ள, ஈரம் தாங்கி, அதே நேரம் நீர் வடியும் மண்ணில் அது நிம்மதியாக வளரும். நடப்போகும் இடத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, நீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் நீர் அப்படியே நின்றால் அந்த இடம் வேண்டாம். அல்லது மண்ணை மேடாக்கி மேட்டில் நடுங்கள். மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்பதற்கு மலிவான பரிசோதனைப் பொடியே போதும். சுண்ணாம்பு மண் என்றால் ரோவனை விட்டுவிட்டு அதன் உறவான வொயிட்பீம் மரத்தைப் பாருங்கள். அதற்கு அந்த மண் பிடிக்கும்.

இப்போது வகைகளுக்கு வருகிறேன்.

நான் உங்களுக்கு முதலில் சொல்வது சோர்பஸ் வில்மோரினி (சோர்பஸ் என்பது ரோவனின் தாவரவியல் பெயர்). தென்மேற்குச் சீனாவின் மலைகளிலிருந்து வந்தது. ஐந்து மீட்டரைத் தாண்டுவது அரிது. கிளைகள் வளைந்து விரியும். இலை ஒவ்வொன்றிலும் சின்னஞ்சிறு சிற்றிலைகள் இருபதுக்கு மேல் இருக்கும்; பெரணிச் செடியின் மென்மை. அதன் பழம்தான் அதிசயம். கோடை முடிவில் அடர்சிவப்பாக இருக்கும், பிறகு ரோஜா நிறமாகும், குளிர் ஏற ஏற வெளுத்து, கடைசியில் இளஞ்சிவப்பு ஓடிய வெள்ளையாக நிற்கும். கொத்துக்குக் கொத்து வேகம் மாறுபடுவதால் ஒரே மரத்தில் மூன்று நிறம் ஒன்றாகத் தெரியும் வாரங்கள் உண்டு. இலையும் அப்போது செம்புக்கும் ஊதாவுக்கும் இடையில் ஒரு நிறத்துக்கு மாறியிருக்கும். நான் ஒட்டுக்கட்டிய அத்தனை வகைகளிலும் இதற்கு இணையாக என் மனம் எதையும் வைத்ததில்லை.

அடுத்தது சோர்பஸ் காஷ்மீரியானா. பெயரே சொல்கிறது, மேற்கு இமயமலைக்காரி. பெரும்பாலான ரோவன்களின் பூ பாலாடை வெண்மை. இதன் பூவில் இளஞ்சிவப்புச் சாயல் இருக்கும். பழம் தூய வெள்ளை, கோலிக்குண்டு போல் பெரியது. இலை சீக்கிரம் உதிர்ந்துவிடும். பழம் உதிராது. இலையற்ற கிளைகளில் வெள்ளைக் கொத்துகள் தொங்கும் காட்சிக்காகத்தான் இதை நடுகிறார்கள். ஆனால் இடம் பார்த்து நட வேண்டும். மேகமூட்டமான வெளிறிய வானத்துக்கு முன்னால் வெள்ளைப் பழம் கண்ணுக்கே தெரியாது. பின்னால் கரும்பச்சை வேலியோ கருமை பூசிய மரப்பலகைத் தடுப்போ இருந்தால், அறைக்குள் உட்கார்ந்தே பார்த்துக்கொண்டிருக்கலாம். கொத்து கனமாக இருப்பதால் இளம் கிளைகள் தாழ வளையும். நடைபாதையை ஒட்டி நடாதீர்கள்.

இளஞ்சிவப்புத்தான் வேண்டும் என்றால் 'பிங்க் பகோடா'. சீனாவின் ஹூபெய் ரோவனின் தேர்வு வகை. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத் தாவரத் தோட்டம் அறிமுகப்படுத்தியது. நீலம் கலந்த பச்சை இலைக்குள் இளஞ்சிவப்புப் பழம் தெரிவது மிகப் பாந்தமான சேர்க்கை. ஆனால் உயரம் ஏழெட்டு மீட்டர் வரை போகும். உங்கள் அகலத்துக்கு நெருக்கடியாகத்தான் இருக்கும், ஆனாலும் முடியாதது இல்லை.

மஞ்சளுக்கு எல்லோரும் சொல்வது 'ஜோசப் ராக்'. யுன்னானில் நெடுங்காலம் தாவரங்கள் சேகரித்த ஆய்வாளரின் பெயர் தாங்கியது. நிமிர்ந்து வளரும் மரம். பழம் வெளிர்மஞ்சளில் தொடங்கித் தேன் நிறத்துக்குப் போகும். இலையுதிர்காலத்தில் இலை சிவப்பு, ஆரஞ்சு, ஊதா என்று எரியும். அந்த எரியும் இலைக்குள் மஞ்சள் பழத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு இதைப் பரிந்துரைக்க என்னால் முடியாது. ஃபயர் பிளைட் என்ற பாக்டீரியா நோய் இதை எளிதில் பிடிக்கும். உங்கள் பகுதியில் ஆப்பிள், பேரி, ஹாதார்ன் மரங்களில் நுனி கருகிய கிளைகள் கண்ணில் பட்டால் 'ஜோசப் ராக்' வேண்டாம்.

இடம் மிகக் குறைவு என்று தோன்றினால் சோர்பஸ் ரெடக்டா என்ற குட்டை வகை உண்டு. ஒரு மீட்டருக்குள் அடங்கும் புதர், வேரிலிருந்து போத்து விட்டுப் பரவும், வெளிர் இளஞ்சிவப்புப் பழம். சோர்பஸ் சார்ஜென்டியானாவைப் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். குளிர்காலத்தில் பிசுபிசுப்பான செந்நிற மொட்டுகள், முழங்கை நீள இலைகள், நூற்றுக்கணக்கில் சிறு பழங்கள் அடங்கிய கொத்துகள் என்று அபாரமான மரம். ஆனால் பருத்த கிளைகளோடு அகன்று பரவுவது. உங்கள் தோட்டத்துக்கு வேண்டாம்.

தனி மரம் காய்க்குமா என்று கேட்டீர்கள். வில்மோரினி, காஷ்மீரியானா போன்ற ஆசிய வகைகள் கருவுறாமலே தாய்மரத்தை உரித்துவைத்தாற்போல் விதை உண்டாக்கக் கூடியவை. தனியாக நட்டாலும் காய்க்கும். சாதாரண ஐரோப்பிய ரோவன் அப்படியில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு மரமும் தேனீயும் வேண்டும். பூக்கும் நேரத்தில் கடும் பனி விழுந்தால் எந்த வகையும் அந்த ஆண்டு ஏமாற்றும்.

வீட்டுச் சுவரிலிருந்து நான்கைந்து மீட்டர் தள்ளி நடுங்கள். இந்தச் சிறு வகைகளின் வேர் அடக்கமானதுதான். ஆனால் கிளை விரியவும் வெயில் விழவும் அந்த இடைவெளி தேவை. நிழலில் நட்டால் பழமும் குறையும், இலையின் நிறமும் மங்கும். குளிர்ந்த இரவும் வெயில் அடிக்கும் பகலும் சேர்ந்தால்தான் இலையில் சிவப்பு ஊறும்.

மண்புழு:

வெள்ளைப் பழம் உதிராமல் தொங்கும் என்று பழங்கொத்து அம்மா சொன்னதை மட்டும் சற்றுக் குறைத்து எடுத்துக்கொள்ளும்படி வேலியோரம் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வெள்ளைப் பழத்தைப் பறவை தொடாது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். என் வீட்டருகே காஷ்மீரியானா மரம் உண்டு. மிதமான குளிர்காலங்களில் பழம் நெடுநாள் நிற்கிறது, உண்மை. ஆனால் பனி கொட்டி மண் இறுகிப்போன ஆண்டில் வாக்ஸ்விங் கூட்டம் வந்து இறங்கியது. மாலைக்குள் மரத்தில் ஒன்றும் மிச்சமில்லை. அந்தப் பறவைகளைப் பார்த்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வெள்ளைப் பழம் என்றால் பறவை தீண்டவே தீண்டாது என்று நம்பி நட வேண்டாம்.

களிமண் எனக்கும் உண்டு. குழிக்குள் தொழு உரத்தையும் மணலையும் கொட்டி நிரப்பும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. செய்யாதீர்கள். களிமண்ணுக்கு நடுவே இளகிய குழி அமைந்தால் சுற்றியுள்ள நீரெல்லாம் அதற்குள் வந்து சேரும். வேரும் அந்தச் சுகமான குழியை விட்டு வெளியே போகாது. தோண்டிய மண்ணையே திருப்பிப் போட்டு, எருவை மேலே மூடாக்காக விரிப்பதுதான் சரி.

பழங்கொத்து:

மண்புழு சொல்வது முழுக்கச் சரி. நானே எழுதியிருப்பேன், நிறத்தைப் பற்றி எழுதும்போது கை வேறு பக்கம் போய்விட்டது. பறவைகளுக்கு ஒரு வரிசை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பும் ஆரஞ்சும் முதலில் போகும், மஞ்சள் அடுத்து, இளஞ்சிவப்பும் வெள்ளையும் கடைசி. பசி கடுமையானால் கடைசி வரிசையும் காலியாகும். சுற்றிலும் சிவப்புப் பழ ரோவன்கள் இருப்பதாகச் சொன்னீர்கள் அல்லவா தம்பி, அது உங்களுக்கு அனுகூலம். பூங்குருவிகள் முதலில் அங்கே போகும்.

வலை போட்டுப் பழத்தைக் காப்பாற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். தளர்ந்த வலையில் பறவையின் கால் சிக்கினால் அது துடித்துச் சாகும். ரோவன் தன் பழத்தை நிறம் காட்டித் தொங்கவிடுவதே பறவை தின்று விதையைத் தூரத்தில் போட வேண்டும் என்பதற்காகத்தான். ஸ்காட்லாந்து மலைகளில் வேறு மரம் ஏறாத உயரத்தில், பாறைப் பிளவுகளில்கூட ரோவன் நிற்கிறதென்றால் அதைக் கொண்டுபோய் ஊன்றியது பறவையின் வயிறு. நமக்குக் கிடைக்கும் வாரங்களில் நாம் பார்த்துக்கொள்வோம், மீதி அவற்றுக்கு.

விதைப்பெட்டி:

குழந்தைகள் பற்றிய கேள்விக்கு நான் சொல்கிறேன். ரோவன் பழத்தைச் சமைக்காமல் தின்றால் கசப்பும் துவர்ப்பும் புளிப்பும் சேர்ந்து நாக்கைச் சுருட்டும். குழந்தை ஒன்றிரண்டை வாயில் போட்டால் பெரும்பாலும் துப்பிவிடும். அதனால் பெரிய கேடு வராது. ஆனால் கைநிறையத் தின்றால் வயிறு புரட்டும், வாந்தி வரலாம். பழத்தில் உள்ள பாராசார்பிக் அமிலம்தான் காரணம். வேகவைத்தால் அது தீங்கற்ற சார்பிக் அமிலமாக மாறிவிடும். சாதாரண ரோவன் பழத்தை ஆப்பிளோடு சேர்த்துக் காய்ச்சி ஜெல்லி செய்வது வட ஐரோப்பாவில் பழைய வழக்கம். 1859இல் வேதியியலாளர் ஹாஃப்மன் சார்பிக் அமிலத்தை முதன்முதலில் பிரித்தெடுத்ததும் ரோவன் பழத்தின் எண்ணெயிலிருந்துதான். இன்று உலகெங்கும் உணவு கெடாமல் காக்கப் பயன்படும் பொருள் அது. இனிப்புக்கு மாற்றாகப் பயன்படும் சார்பிட்டாலையும் 1872இல் இதே பழத்தில்தான் கண்டார்கள். சமையலுக்கென்றே கசப்புக் குறைந்த 'எடூலிஸ்' என்ற வகையும் உண்டு. வெள்ளை, இளஞ்சிவப்புப் பழங்களை அழகுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு யோசனை. அவசரம் இல்லையென்றால் காஷ்மீரியானாவை விதையிலிருந்தே வளர்க்கலாம். பழங்கொத்து அம்மா சொன்ன அதே காரணத்தால் விதைச்செடி தாய்மரத்தைப் போலவே வரும். பழச்சதையை நன்றாகக் கசக்கிக் கழுவி நீக்க வேண்டும்; சதையில் முளைப்பைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. கழுவிய விதையை ஈர மணலில் கலந்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் மூன்று நான்கு மாதம் வைத்து, வசந்தத்தின் தொடக்கத்தில் விதைக்கலாம். அல்லது இலையுதிர்காலத்திலேயே தொட்டியில் விதைத்து வெளியில் வைத்துவிடலாம். குளிர்காலம் தன் வேலையைச் செய்துகொள்ளும். முதல் வசந்தத்தில் முளைக்காத தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். அடுத்த ஆண்டு முளைப்பதும் இயல்புதான்.

வேலியோரம்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. குழி தோண்டி நீர் ஊற்றிப் பார்த்தேன், மறுநாள் காலைக்குள் வடிந்துவிட்டது. மண்ணும் சற்றே அமிலப் பக்கம்தான்.

விதையிலிருந்து வளர்க்கும் பொறுமை இப்போதைக்கு இல்லை, விதைப்பெட்டி. ஆனால் குழந்தைகளோடு சேர்ந்து ஒரு தொட்டியில் முயல்வேன்.

நர்சரியில் வில்மோரினி கன்று இருக்கிறது. தொட்டியில் வளர்ந்தது, என் உயரம். இன்னொன்றை வெறும் வேரோடு குளிர்காலத்தில் வரவழைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். அது உயரம் குறைவு, விலையும் குறைவு. எதை வாங்கலாம்? தொட்டிச் செடியின் அடித்தண்டில், மண்ணுக்குச் சற்று மேலே, முழங்கால் மாதிரி ஒரு வளைவு இருக்கிறது. அதற்குக் கீழிருந்து இரண்டு குச்சிகள் கிளம்பியிருக்கின்றன. அவற்றின் இலை மேலே உள்ள இலையைவிடப் பெரியது. நோயா?

இன்னொரு சந்தேகமும் உண்டு. ஃபயர் பிளைட் வந்தால் எப்படித் தெரிந்துகொள்வது?

பழங்கொத்து:

நோய் இல்லை தம்பி. அந்த முழங்கால்தான் என் தொழில். அங்கேதான் ஒட்டுக்கட்டியிருக்கிறார்கள். கீழே இருப்பது வேர்ச்செடி, பெரும்பாலும் சாதாரண ரோவன். மேலே இருப்பது வில்மோரினி. கீழிருந்து கிளம்பிய இரண்டும் வேர்ச்செடியின் போத்துகள். இலை பெரிதாக இருப்பதே சாட்சி. அவற்றை விட்டுவைத்தால் ஐந்தாறு ஆண்டில் வில்மோரினியை அமுக்கிவிட்டுத் தானே மரமாகும். அப்புறம் உங்கள் தோட்டத்திலும் அதே ஆரஞ்சுச் சிவப்புப் பழம்தான். வாங்கியவர்கள் "பழம் நிறம் மாறிவிட்டது" என்று நர்சரிக்கு வந்து நிற்பது இதனால்தான். இளசாக இருக்கும்போதே போத்தை அடியோடு பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துக் கிழித்து எடுத்துவிடுங்கள். கத்தரித்தால் அடியில் இருக்கும் மொட்டுகள் மறுபடி துளிர்க்கும். முற்றிவிட்டதென்றால் கூரிய கத்தியால் தண்டோடு ஒட்ட வெட்டுங்கள். நடும்போது ஒட்டு இருக்கும் இடம் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். மூடாக்கும் அதைத் தொடக் கூடாது.

தொட்டிச் செடியா வெறும் வேர்ச் செடியா என்றால், நான் வெறும் வேர்ச் செடியைத்தான் கையில் எடுப்பேன். வேர் முழுதும் கண்ணுக்குத் தெரியும். சுருண்டதா, அழுகியதா, பக்கவேர் நாலாபக்கமும் போகிறதா என்று பார்த்து வாங்கலாம். சிறிய கன்று புது மண்ணில் சீக்கிரம் வேர் பிடிக்கும். என் அனுபவத்தில் சில ஆண்டுகளில் உயரமான தொட்டிச் செடியை அது எட்டிப்பிடித்துவிடுகிறது. தொட்டிச் செடியை வாங்குவதானால், வாங்கும் முன் தொட்டியிலிருந்து உருவிக் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் கேளுங்கள், நல்ல நர்சரிக்காரர் காட்டுவார். வேர் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வளையமாக ஓடியிருந்தால் வேண்டாம். அந்த வளையம் மண்ணுக்குள் போன பிறகும் விரியாது. பத்தாண்டு கழித்துத் தண்டையே இறுக்கும்.

வெறும் வேர்ச் செடியை இலை உதிர்ந்த பிறகு மொட்டு விரியும் முன் நட்டாக வேண்டும். வடக்கு அரைக்கோளத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை, மண் உறையாத நாளாகப் பாருங்கள். வேர் காற்றில் காயவே கூடாது. வந்த உடனே நட முடியாவிட்டால் தோட்டத்தின் மூலையில் சாய்வாகக் குழி எடுத்து, வேரை ஈரமண்ணால் மூடி வைத்திருங்கள். நடும் குழி அகலமாக இருக்கட்டும், ஆழம் வேரின் அளவுக்கு மட்டும் போதும். வேரும் தண்டும் சேரும் கழுத்து மண்மட்டத்தில் நிற்க வேண்டும். களிமண்ணில் அதைவிட இரண்டு விரல் உயர்த்தி நட்டாலும் தவறில்லை. ஆழமாகப் புதைத்ததால் மெல்ல மெல்ல வாடும் மரங்களை நான் நிறையத் தோண்டிப் பார்த்திருக்கிறேன். மேலே ஒரு நோயும் தெரியாது, கழுத்துப் பட்டை மண்ணுக்குள் அழுகியிருக்கும்.

முட்டுக்கொம்பு குட்டையாக இருக்கட்டும், தண்டின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. மேல்பாகம் காற்றில் ஆடினால்தான் தண்டு உரம் ஏறும். கொம்போடு சேர்த்துக் கட்டியதை ஆண்டுதோறும் தளர்த்துங்கள், மரம் ஊன்றிக்கொண்டதும் கொம்பையே எடுத்துவிடுங்கள்.

ஃபயர் பிளைட் பற்றி. வட அமெரிக்காவில் தோன்றிய நோய் இது. 1957இல் இங்கிலாந்தில் கண்டார்கள், அதுதான் ஐரோப்பாவில் முதல் முறை. ஆப்பிள் குடும்பத்தின் பல மரங்களைத் தாக்கும். ரோவன் பழத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், ஆப்பிளின் அடியில் இருப்பது போன்ற ஐந்துமுனை வடு தெரியும். இரண்டும் ஒரே குடும்பம். வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்த நாட்களில் பூவின் வழியாகக் கிருமி நுழையும். பூக்கொத்து வாடிப் பழுப்பாகும். இளம் நுனி கொக்கிபோல் வளைந்து கருகும், ஆனால் காய்ந்த இலை உதிராமல் ஒட்டிக்கொண்டே நிற்கும். பட்டையைச் சீவிப் பார்த்தால் அடியில் செம்பழுப்புக் கறை ஓடியிருக்கும். அப்படிக் கண்டால் கறை முடியும் இடத்திலிருந்து குறைந்தது ஓரடி, தடித்த கிளையானால் இரண்டடி கீழே, நல்ல மரப்பகுதிக்குள் வெட்டி எடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே கத்தரியைக் கிருமிநாசினியில் துடைக்க வேண்டும். வெட்டியதைத் தோட்டத்தில் குவிக்காமல் எரித்துவிடுங்கள். சில நாடுகளில் இந்த நோய் கண்டால் வேளாண் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டமும் உண்டு. தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடாதீர்கள். அதனால் கொழுகொழுவென்று வரும் இளந்தளிரைத்தான் கிருமி முதலில் தேடும். ரோவனுக்கு மூடாக்கு எருவே உணவு.

மண்புழு:

கவாத்து பற்றி ஒரு வார்த்தை சேர்க்கிறேன். வேலியோரம், ஆர்வத்தில் ஆண்டுதோறும் கத்தரியோடு கிளம்பிவிடாதீர்கள். ரோவனுக்குக் கவாத்து ஏறக்குறையத் தேவையே இல்லை. காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, நோய்ப்பட்டது இவற்றை மட்டும் குளிர்காலத்தின் கடைசியில், மரம் உறங்கும்போதே எடுத்தால் போதும். நுனியை வெட்டினால் பூங்கொத்து போய்விடும், நீர்ப்போத்து கிளம்பி மரத்தின் உருவமும் கெடும். வில்மோரினிக்கு அந்த வளைந்த உருவம்தான் பாதி அழகு.

வேலியோரம்:

தெளிவாகிவிட்டது. வெறும் வேர் வில்மோரினியையே சொல்லிவைத்துவிட்டேன். ஒட்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் வாங்குவேன். சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்தால் பின்வேலி தெரியும் இடத்தில் நடப்போகிறேன். வேலிப் பலகை கரும்பழுப்பு நிறம். கடைசியாக ஒன்று: எத்தனை ஆண்டில் பழம் பார்க்கலாம்? கோடையில் எப்படி நீர் ஊற்றுவது?

பழங்கொத்து:

கரும்பழுப்புப் பின்னணி மிகப் பொருத்தம். வெளுத்த பிறகும் பழம் தெளிவாகத் தெரியும்.

ஒட்டுச்செடி என்பதால் மூன்று நான்கு ஆண்டில் முதல் கொத்துகளை எதிர்பார்க்கலாம். விதைச்செடியானால் இன்னும் கூடுதல் ஆண்டுகள் ஆகும். ஒரு ஆண்டு கொத்துக்கொத்தாகக் காய்த்துவிட்டு அடுத்த ஆண்டு மரம் ஓய்வெடுத்தால் கவலைப்பட வேண்டாம், ரோவனின் இயல்பு அது. ஓய்வு ஆண்டில் இலையின் நிறம் இருக்கிறது, அது போதாதா?

நீர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மலை மரம் இது. வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும் சக்தி குறைவு. கடுங்கோடையில் இலை ஓரம் கருகும், பழம் பழுக்கும் முன் உதிரும். குளிர்காலமே இல்லாத வெப்பமண்டலச் சமவெளியிலிருந்து இதைப் படிப்பவர்கள் யாரேனும் இருந்தால், தயவுசெய்து பணம் கொடுத்து இந்தக் கன்றை வாங்காதீர்கள். குளிர் படாமல் அதன் மொட்டு சரியாக விரியாது, கோடை அதை முடித்துவிடும்.

முதல் இரண்டு கோடைகள் முக்கியம். தினம் சிறிது தெளிப்பதைவிட, மழை இல்லாத வாரத்தில் ஒருமுறை இரண்டு மூன்று வாளி நீரை நிதானமாக ஊற்றி, அடிவேர் வரை இறங்கவிடுங்கள். களிமண் என்பதால், ஊற்றும் முன் மூடாக்கை விலக்கி விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அந்த வாரம் ஊற்ற வேண்டாம். மூடாக்கு மூன்று விரல் தடிமன் போதும். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் வெறுமையாக இருக்கட்டும். மரத்தடியில் புல் வளரவிடாதீர்கள். இளம் மரத்தின் நீரை முதலில் குடிப்பது புல்தான்.

கன்று வந்ததும் வேரைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். நடும் முன் எந்த வேரை நறுக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.